சிவப்பு டெக்கில் கை காலியாகும் சிக்கல்: என் அனுபவம்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் என் சிவப்பு டெக் (கார்டுக் கட்டு) நாலாவது டர்னிலேயே கை காலியாகி நின்றுவிடும், எதிராளிக்கு நாலைந்து உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கும். கார்டுகளை ஆடச் செலவாகும் மானா என்ற சக்தியைத் தரும் நிலக் கார்டுகளை 20இலிருந்து 22 ஆக்கினேன்; நிலமாகவே வந்து குவிந்தது. உயிரினங்களை எடுத்துவிட்டு ஒரே மானா செலவாகும் மந்திரக் கார்டுகளைச் சேர்த்தேன். கை இன்னும் சீக்கிரம் தீர்ந்தது.

அப்புறம்தான் பெட்டியில் சும்மா கிடந்த 2019ஆம் ஆண்டுக் கார்டு, ‘லைட் அப் தி ஸ்டேஜ்’ நினைவுக்கு வந்தது. எதிராளி அந்த டர்னில் உயிர்ப்புள்ளி இழந்திருந்தால் ஒரே சிவப்பு மானா போதும். டெக்கின் மேலிருக்கும் இரண்டு கார்டுகள் தனியே வரும். என் அடுத்த டர்ன் முடியும்வரை ஆடலாம். நாலு சேர்த்தும் தோற்றேன்.

காரணம், ஒரு டர்னில் ஒரு நிலம்தான் வைக்கலாம்; நானோ கையிலிருக்கும் நிலத்தை முதலில் வைத்துவிடுவேன். வந்த இரண்டும் நிலமாக இருந்தால் ஒன்று வீண். இப்போது முதலில் லைட்னிங் போல்ட் என்ற மந்திரக் கார்டால் எதிராளிக்கு 3 புள்ளி சேதம், பிறகு லைட் அப் தி ஸ்டேஜ், அதற்கப்புறம்தான் நிலம். மூன்று நாள் குழப்பம் தீர்ந்தது, பெரிய நிம்மதி.