குழந்தையின் எடையும் சாப்பாடும் அழற்சியும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழற்சி என்றதும் பலருக்கு ஒவ்வாமைதான் நினைவுக்கு வருகிறது. உடனே முட்டையையும் பாலையும் நிறுத்திவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். ஒவ்வாமை என்பது குறிப்பிட்ட ஓர் உணவை உடல் எதிரியாக எடுத்துக்கொள்வது. இங்கே பேசுவது தடிப்போ அரிப்போ இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும் லேசான அழற்சி, அதாவது நோய் எதிர்ப்புச் செல்கள் கொஞ்சம் உசுப்பப்பட்டிருக்கும் நிலை. காரணமில்லாமல் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் புரதமும் கால்சியமும் குறைவதுதான் மிச்சம்.

கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு அழற்சி சற்று ஏறி இறங்குவது எந்த எடையிலும் நடக்கும். பொரித்த உணவு சாப்பிட்ட 3 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு உச்சத்தைத் தொடும். அப்போது எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் சில நேரம் பால் கலந்த தண்ணீர் போல மங்கியிருக்கும். அந்தக் கொழுப்போடு குடல் பாக்டீரியாக்களின் சுவர்த் துணுக்குகளும் கொஞ்சம் ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்புவது அவைதான்.

எடை சரியாக உள்ள குழந்தைக்கு இது சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உடல் பருமன் இருந்தால் இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. பெருத்த கொழுப்புத் திசுவே ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரப்பதால், சாப்பிடும் முன்பே அளவு கூடுதலாக இருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறிய கொழுப்பும் மெதுவாகத்தான் இறங்கும். மதியம் ஏறியது இறங்குவதற்குள் மாலைத் தீனி, அது இறங்குவதற்குள் இரவுச் சாப்பாடு என்று போனால் உடலுக்கு ஓய்வே கிடைக்காது. என்ன சாப்பிடுகிறது என்று பார்க்கும் பெற்றோர், ஓயாமல் கொறிப்பதைக் கவனிக்காமல் விடுவது எங்கள் பார்வையில் பெரிய தவறு.

இதற்கு மருந்தாகப் பட்டினி போடுவது அதைவிட மோசம். வளரும் குழந்தையின் எடையை வேகமாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும். மிதமான எடைக் கூடுதல் என்றால், எடையை ஏறாமல் நிறுத்தி வைத்து உயரம் கூட விடுவதே பெரும்பாலும் போதும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். தினமும் 60 நிமிடம் ஓடியாடி விளையாட்டு.

‘ஒல்லிதானே, எதை வேண்டுமானாலும் சாப்பிடட்டும்’ என்பதும் தவறு. ஒல்லியான உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரலாம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கிறதா என்று 6 வயதுக்கு மேல் நாடா வைத்து அளந்து பாருங்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ எண்ணைப் பெரியவர்களுக்கான 25 என்ற கோட்டோடு ஒப்பிடாதீர்கள். குழந்தைக்கு வயதும் பாலினமும் சேர்ந்த வளர்ச்சி அட்டவணைதான் கணக்கு. எடை குறைந்த குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், குடல் அழற்சியே சத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கலாம். அங்கே தேவை சாப்பாட்டுக் கட்டுப்பாடு அல்ல, மருத்துவரிடம் காட்டுவது.

பழத்துக்குப் பதில் ஜூஸ் கொடுப்பதும் பரவலான தவறு. பிழிந்ததும் நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடும், சர்க்கரை மட்டும் வேகமாக ஏறும். 1 வயதுக்குள் ஜூஸே வேண்டாம். 3 வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது. 2 வயது தாண்டிய பிறகும் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளுக்கு 25 கிராம், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். 330 மில்லி குளிர்பானம் ஒன்றே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

பரிசோதனையிலும் தவறுகள் நடக்கின்றன. சளி, காய்ச்சல் இருக்கும்போது, அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி பார்த்துவிட்டு சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முதலில் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். குணமாகி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். சிஆர்பி மெதுவாக ஏறி இறங்கும் பொருள் என்பதால், ஒரு வேளைச் சாப்பாட்டின் விளைவை அதில் தேட முடியாது. உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இன்னும் ஏமாற்றும். அழற்சி இருந்தால் அது பொய்யாக உயர்ந்து, இரும்புச்சத்துக் குறைவை மறைத்துவிடும். 5 வயதுக்கு மேல் சாதாரணமாக லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால்தான் குறைபாடு. அழற்சி இருக்கும்போது 70-க்குக் கீழே இருந்தாலே சந்தேகிக்க வேண்டும். பருமனான குழந்தை சோர்ந்து கிடந்தால் சோம்பல் என்று திட்டாமல், ஃபெரிட்டினையும் சிஆர்பியையும் ஒரே ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.