'கர்த்தர்', 'தேவன்', 'ஆண்டவர்': வசனத்துக்குப் பின்னால் இருக்கும் எபிரேயப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

எல்ஷடாய், யேகோவாயீரே, அதோனாய், எலோகிம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கேட்டுப் பழகிய பெயர்கள்தான். வீட்டு வாசலிலும் ஆட்டோவின் முதுகிலும்கூட எழுதியிருக்கும். ஆனால் கையில் உள்ள வேதாகமத்தில் ஒரு வசனத்தைக் காட்டி, "இங்கே இருப்பது எந்தப் பெயர்?" என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. எபிரேயம் படிக்காமலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய ஏற்பாட்டுக்கு மட்டும்தான். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அங்கே 'கர்த்தர்' என்று வருவது 'கூரியோஸ்' என்ற கிரேக்கச் சொல்.

படி 1: எந்த மொழிபெயர்ப்பு என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். ஆரம்பிப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில், 'கர்த்தர்' என்றால் மூலத்தில் யோத்-ஹே-வாவ்-ஹே என்ற நான்கெழுத்துப் பெயர். 'தேவன்' என்றால் எலோகிம். 'ஆண்டவர்' என்றால் அதோனாய். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கதை வேறு. அங்கே நான்கெழுத்துப் பெயர்தான் 'ஆண்டவர்'. எலோகிம் 'கடவுள்', அதோனாய் 'தலைவர்'.

அதாவது ஒரே 'ஆண்டவர்' ஒரு புத்தகத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் இன்னொரு பெயர். வாட்ஸ்அப்பில் வரும் வசனத்தில் எந்த மொழிபெயர்ப்பு என்று போட்டிருக்காது. சந்தேகம் வந்தால் சங்கீதம் 110:1ஐத் திறந்து பாருங்கள். "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று இருந்தால் பழையது. "ஆண்டவர் என் தலைவரிடம்" என்று இருந்தால் திருவிவிலியம். (அந்த வசனத்தில் இரண்டாவதாக வருவது அதோனாய் அல்ல, 'அதோனி'. என் எஜமான் என்று அர்த்தம். மனிதர்களையும் அப்படி அழைப்பார்கள். மெய்யெழுத்துகள் அதேதான், உயிர்க்குறி மட்டும் மாறும். எபிரேயத்தில் மெய்களைத்தான் எழுத்தாக எழுதுவார்கள்; உயிரோசையைக் காட்ட மெய்க்கு மேலும் கீழும் போடும் புள்ளி, கோடுதான் உயிர்க்குறி.)

ஆங்கில வேதாகமங்களில் இந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வைத்துக் காட்டுவார்கள். படிப்பவருக்குத்தான் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. தமிழில் வேறு வேறு சொல்லே போட்டிருப்பதால் காதுக்கும் பிடிபடுகிறது. இதில் நமக்குக் கொஞ்சம் வசதி கூடுதல்.

படி 2: எண்ணைப் பிடியுங்கள்

'புளூ லெட்டர் பைபிள்' தளம் அல்லது செயலியைத் திறந்து வசனத்தைத் தொட்டால், எபிரேயச் சொற்கள் எண்ணோடு வரிசையாக வரும். ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் 1890இல் வெளியிட்ட சொல்லடைவின் எண்கள் அவை. இலவச வசதிகளில் ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். திரை ஆங்கிலம்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியது எண் மட்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை: 3068 நான்கெழுத்துப் பெயர், 430 எலோகிம், 136 அதோனாய், 7706 ஷடாய், 5945 எலியோன் (உன்னதமானவர்).

இப்போது ஆதியாகமம் 15:2க்குப் போங்கள். ஆபிராம் "கர்த்தராகிய ஆண்டவரே" என்கிறார். எதிர்பார்க்கும் எண்கள் 3068உம் 136உம். ஆனால் வருவது 136உம் 3069உம். இது என்ன புதுப் பெயர் என்று தேடி அலைய வேண்டாம். நான்கெழுத்துப் பெயரை உச்சரிப்பதில்லை என்பது யூதர்களின் நெடுநாள் வழக்கம்; அந்த இடத்தில் 'அதோனாய்' என்று வாசிப்பார்கள். அதை நினைவூட்ட, நான்கு மெய்களோடு அதோனாயின் உயிர்க்குறிகளைப் போட்டு எழுதிவைத்தார்கள். (இந்தக் கலவையை அப்படியே உச்சரித்ததில் வந்ததுதான் 'யேகோவா'. பழைய உச்சரிப்பு 'யாவே' என்று இருந்திருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.) சரி, பக்கத்திலேயே நிஜமான அதோனாய் இருந்தால்? 'அதோனாய் அதோனாய்' என்று இரண்டு தடவை வாசிக்க வேண்டிவருமே. அதனால் அங்கே மட்டும் எலோகிமின் உயிர்க்குறியைப் போட்டு 'அதோனாய் எலோகிம்' என்று வாசித்தார்கள். ஸ்ட்ராங் அதற்குத் தனி எண் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். பெயர் ஒன்றே. எசேக்கியேலில் இது பக்கத்துக்குப் பக்கம் வரும்.

படி 3: ஒரு தடவை கண்ணாலும் பாருங்கள்

செஃபாரியா தளத்தில் எபிரேய மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. வலமிருந்து இடம் படிக்க வேண்டும். முதலில் யோத்: வரியின் மேல்பாதியில் தொங்கும் சின்னக் கீற்று. அடுத்து ஹே: கூரை, வலப்பக்கம் முழுக் கால், இடப்பக்கம் கூரையைத் தொடாத கால். பிறகு வாவ்: நேர்க்கோடு போல ஒரு கொக்கி. மறுபடி ஹே. வாவின் அடியில் சாதாரணமாகச் சின்ன 'டி' வடிவக் குறி இருக்கும். ஆதியாகமம் 15:2இல் அதே இடத்தில் ஒற்றைப் புள்ளி. 3068க்கும் 3069க்கும் கண்ணில் படும் முக்கிய வித்தியாசம் இதுதான். பெயர் 6,800 தடவைக்கு மேல் வருவதால் சீக்கிரம் கண்ணுக்குப் பழகிவிடும்.

படி 4: அர்த்தம்

எண்ணைத் தொட்டால் அர்த்தங்கள் பட்டியலாக வரும். பிடித்ததைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வசனத்தில் அது எப்படி வருகிறது என்பதே முக்கியம்.

எலோகிம் வடிவத்தில் பன்மை. ஆனால் ஆதியாகமம் 1:1இல் 'பாரா' (சிருஷ்டித்தார்) என்ற வினை ஒருமை. அதே சொல் யாத்திராகமம் 20:3இல் 'வேறே தேவர்கள்' என்பதற்கும் வருகிறது. ஆகவே இது பெயரைவிடப் பட்டம் என்பதே சரி.

நான்கெழுத்துப் பெயருக்கு யாத்திராகமம் 3:14ஐப் பாருங்கள். 'எஹ்யே அஷேர் எஹ்யே'. தமிழில் "இருக்கிறவராக இருக்கிறேன்". 'இரு' என்ற வினையோடு பெயரை இணைப்பது அந்த வசனமே.

ஷடாய்தான் தகராறு. 'சர்வவல்லவர்' என்பது கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளின் வழியில் வந்தது. மூலச்சொல் எது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. எபிரேயத்துக்கு உறவான பழைய மொழியான அக்காதின் 'ஷதூ' (மலை) என்கிறார்கள் சிலர். ஏசாயா 13:6 'ஷோத்' (அழிவு) என்ற சொல்லோடு சேர்த்து விளையாடுகிறது. ஆதியாகமம் 49:25இல் பக்கத்திலேயே 'ஷதாயிம்' (ஸ்தனங்கள்) வருகிறது. ஒரே அர்த்தத்தை அடித்துச் சொல்லும் பட்டியலை நம்பாதீர்கள். 48 தடவை வரும் இந்தச் சொல் 31 தடவை யோபுவில் மட்டுமே வருகிறது. புரிந்துகொள்ள யோபுவைப் படிப்பதே நல்லது.

படி 5: யாருக்கு வைத்த பெயர்?

காலண்டர்களில் வரும் 'யேகோவா' பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வசனத்தையும் திறந்து பாருங்கள். யேகோவாயீரே, ஆபிரகாம் ஓர் இடத்துக்கு வைத்த பெயர் (ஆதி. 22:14). யேகோவாநிசி, மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். யேகோவா ஷம்மா, எசேக்கியேலின் கடைசி வசனத்தில் நகரத்தின் பெயர். எபெனேசர் ஒரு கல். 'யேகோவா ராப்பா' பெயராகவே வரவில்லை. யாத்திராகமம் 15:26இல் "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற வாக்கியம். ஆனால் ஆகார் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று சொல்வது (ஆதி. 16:13) நேராகக் கடவுளுக்கே வைத்த பெயர், அதுதான் எல் ரோயீ.

யேகோவாயீரேயில் இருப்பது 'பார்' என்ற வினை. 22:8இல் "தேவன் பார்த்துக்கொள்வார்" என்று பழைய மொழிபெயர்ப்பு போட்டிருப்பது அற்புதம். பார்ப்பதும் ஏற்பாடு செய்வதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

பயிற்சி

சங்கீதம் 14ஐயும் 53ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாட்டு. 14:2இல் பரலோகத்திலிருந்து கண்ணோக்குவது கர்த்தர், 53:2இல் தேவன். எண்ணைப் பார்த்தால் 3068, 430. 42 முதல் 83 வரையிலான சங்கீதங்களில் எலோகிமே அதிகம். தொகுத்தவர்கள் மாற்றியிருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து.

பிற்சேர்க்கை: 53:2ஐ செஃபாரியாவில் தேடினால் வேறு வசனம் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எபிரேயத்தில் சங்கீதத்தின் தலைப்புக்கும் பல இடங்களில் வசன எண் உண்டு. அங்கே 53:3ஐப் பாருங்கள். யோவேல் 2:32 அங்கே 3:5. மல்கியாவுக்கு நான்காம் அதிகாரமே கிடையாது, மூன்றின் கடைசியில் தேடுங்கள். புளூ லெட்டரில் இந்தத் தொல்லை இல்லை.