லோ வோல்டேஜுல மோட்டார் எரியாம பாத்துக்கறது எப்படி

"வோல்டேஜே கம்மியாத்தாங்க வந்துச்சு, அப்புறம் எப்படி எரியும்?" கோயமுத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கற எங்கிட்ட, எரிஞ்ச மோட்டாரை இறக்கி வெச்சதும் கேக்கற கேள்வி இது. கம்மியா வந்ததாலதான் எரிஞ்சுது. மெஷின் கேக்கற வேலை குறையறதில்ல. வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் ஆம்ஸை, அதாவது கரண்ட்டை, கூட்டி இழுத்துத்தான் அதே வேலையச் செய்யும். 415 வோல்ட் மோட்டாருக்கு 373 வந்தா, ஃபுல் லோடுல ஆம்ஸ் சுமார் 11 சதவீதம் ஏறும், காயில்ல சூடு 20 சதவீதத்துக்கு மேல ஏறும். வைண்டிங் சூடு 10 டிகிரி கூடினா இன்சுலேஷன் ஆயுசு பாதியாயிரும்னு ஒரு கணக்கு இருக்கு.

பாதி லோடுல சும்மா சுத்தற மோட்டாருக்கு இதெல்லாம் பெருசா உறைக்காது. கம்ப்ரஸர், கிரஷர் மாதிரி விடாம இழுக்கறதுதான் மாட்டும்.

முதல்ல அளந்து பாருங்க. பேனல் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. மெயினை ஆஃப் பண்ணி மோட்டார் டெர்மினல்ல மீட்டர் வயரை மாட்டி, மூடி வெச்சு, அப்புறம் ஓட்டுங்க. இது எலக்ட்ரீஷியன் வேலை, ஹெல்பர் கையில குடுக்காதீங்க. எல்லா மெஷினும் ஓடற நேரத்துல, ஃபுல் லோடுல எடுங்க. பேனல்ல 400, டெர்மினல்ல 370னா கோளாறு உங்க கேபிள்ல. பேனல்லயே 370னா சப்ளையில.

மூணு ஃபேஸுக்கும் நடுவுல தனித்தனியா எடுக்கணும். 400, 395, 375னு வந்தா சராசரி 390. அதுல இருந்து அதிகமா விலகினது 15 வோல்ட், கிட்டத்தட்ட 4 சதவீதம். கம்மின்னு விட்டுராதீங்க, ஆம்ஸ்ல வித்தியாசம் அதுமாதிரி 6ல இருந்து 10 மடங்கு வரும். மூணும் சமமா குறையறதை விட இதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அடுத்தது ஸ்டார்ட்டிங். டார்க், அதாவது மோட்டாரைச் சுத்த வைக்கற திருகு விசை, வோல்டேஜோட வர்க்கத்துல விழும். 415க்கு 332 வந்தா, அதாவது 80 சதவீதம்னா, டார்க் 64 சதவீதம்தான். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரை முதல்ல ஸ்டார்ங்கற இணைப்புல மெதுவா கிளப்பி, அப்புறம் டெல்டாங்கற முழு வோல்டேஜ் இணைப்புக்கு மாத்தும்; ஸ்டார்ல அதுலயும் மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும். மோட்டார் வேகம் எடுக்கறதுக்குள்ள டைமர் டெல்டாவுக்குத் தள்ளிரும், ஆம்ஸ் எகிறும், வோல்டேஜ் இன்னும் விழும், காண்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள்ள கரண்ட்டைப் போட்டு நிறுத்தற சுவிட்ச்) கடகடன்னு அடிக்கும். டைமரை நீட்டறதுல பெரிய பலன் இல்ல. லோடைக் கழட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. கம்ப்ரஸர்னா அன்லோடர் (ஸ்டார்ட் ஆகறப்ப பிரஷரை விடுவிக்கற வால்வு) வேலை செய்யுதான்னு பாருங்க. ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்ப எல்லா மோட்டாரையும் ஒண்ணா போடாம ஒவ்வொண்ணா போடுங்க.

ஆம்ஸ் கூடினா மோட்டாரை நிறுத்தற ஓவர்லோடு ரிலே அடிக்கடி டிரிப் ஆகுதேன்னு செட்டிங்கை ஏத்தறதுதான் எரியறதுக்கு நேர்வழி. ஸ்டார் டெல்டாவுல ரிலே மெயின் லைன்ல இல்லாம மோட்டார் வைண்டிங்குக்குப் போற ஃபேஸ் வயர்ல இருந்தா நேம்பிளேட் ஆம்ஸ்ல 58 சதவீதம் வெக்கணும். 15 ஆம்ஸ் மோட்டாருக்கு 8.7. கடைக்கு வர்ற ஸ்டார்ட்டர்கள்ல 12, 13னு திருகி வெச்சிருக்கறதைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வரும். காயிலைப் பிரிச்சா காரணம் தெரிஞ்சுரும்: மூணு ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோடோ லோ வோல்டேஜோ. டெல்டா மோட்டார்ல ஒரு ஃபேஸ் மட்டும் கருகி மத்த ரெண்டும் பளிச்சுன்னு இருந்தா சிங்கிள் ஃபேஸிங், அதாவது ஒரு லைன் கட்டாகி மீதி ரெண்டுலயே ஓடினது. அதுக்கு வோல்டேஜைத் திட்டிப் பிரயோஜனமில்ல.

சரி பண்றதுக்கு, கேபிள்ல விழுந்தா தடியான கேபிள் போடுங்க, ஜாயிண்ட்டையும் லக்கையும் (கேபிள் நுனியில மாட்டற உலோகக் காது) இறுக்குங்க. வோல்டேஜ் ரொம்ப இறங்கினா மோட்டாரை நிறுத்தற அண்டர்வோல்டேஜ் ரிலே ஒண்ணு மாட்டி, 350 வோல்ட் பக்கம், சில செகண்ட் டிலேயோட வெச்சுக்குங்க. ஸ்டெபிலைசரை கடைசியா யோசிங்க. அது வெளிய கூட்டிக் குடுக்க உள்ள கூடுதல் ஆம்ஸ் இழுக்கும், மெலிஞ்ச லைன்ல அதுவே வோல்டேஜை இன்னும் இறக்கும்.

சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வெச்சிருக்கற ஹெச்.டி. (ஹை டென்ஷன்) கனெக்‌ஷன்காரங்க அதுல வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற டேப்பை மாத்தலாம். பெரும்பாலும் ஒரு படிக்கு 2.5 சதவீதம். சாதாரண ஆஃப் சர்க்யூட் டேப்னா சப்ளையை முழுசா நிறுத்திட்டுத்தான் மாத்தணும். மாத்தின அன்னைக்கு ராத்திரியே, லோடு இல்லாதப்ப, வோல்டேஜ் 440ஐத் தாண்டுதான்னு ஒருதடவை பாத்துருங்க. தாண்டினா ஒரு படி இறக்கிருங்க.