படுக்கும் முன் ஒரு காலண்டர் தாள்

ஊறப்போட மறந்த உளுந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அலுவலகத்தில் முடிக்காமல் வந்த கணக்கு என எல்லாமே விளக்கை அணைத்த பிறகுதான் வரிசையாக நினைவுக்கு வரும். படுக்கும் முன் 5 நிமிடம் ஒதுக்கி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மறுநாள் வேலைகளை எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளம் வயதினரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகவே உறங்கினார்கள். பட்டியல் விவரமாக இருந்தபோது உறக்கம் இன்னும் விரைவாக வந்தது. ஆகவே ‘வங்கி வேலை’ என்று மொட்டையாக எழுதாமல், ‘11 மணிக்குப் பாஸ்புக் பதிய வேண்டும்’ என்றே எழுதுங்கள். கைப்பேசி வேண்டாம், எடுத்தால் வாட்ஸ்அப்பில் அரைமணி நேரம் போய்விடும் (என் அனுபவம்). கணவரோ பிள்ளைகளோ செய்யக்கூடியவற்றின் எதிரே அவரவர் பெயரைக் குறித்து, தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.