தேரி மணலில் புதைந்த ஜீப்பை வெளியே எடுத்தது எப்படி

தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரி ஓரம், பனந்தோப்புக்குப் போகும் மணல் தடத்தில் எங்கள் ஜீப் அச்சு வரை புதைந்துவிட்டது. ஃபோர் வீல் டிரைவ் போட்டும் சக்கரம் சுழன்றதே தவிர, வண்டி நகரவில்லை.

முதலில் டயருக்கு அடியில் பனை ஓலையும் மட்டையும் திணித்தோம். சக்கரம் அவற்றைப் பின்னால் வீசிவிட்டது. அப்புறம் டிராக்டர் வந்தது. கயிற்றை ஜீப்பில் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் கட்டச் சொன்னார்கள். நான் விடவில்லை. இழுவையில் அது உடைந்தால் தோட்டா மாதிரி பறந்து ஆளையே கொன்றுவிடும். சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்ந்த கொக்கியில் கட்டி, எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து இழுத்தோம். கயிறுதான் அறுந்தது. அதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. சக்கரத்தைச் சுற்றி மட்டுமே தோண்டியிருந்தோம். ஆனால் வண்டியின் வயிற்றுப்பகுதி மணல் திட்டில் உட்கார்ந்திருந்தது. எடை முழுக்க அதன்மேல் இறங்கிவிட்டால் சக்கரம் எதைப் பிடிக்கும்?

அடியில் யாரும் நுழையாமல், பக்கவாட்டிலிருந்தே நீளக் காம்பு மண்வெட்டியால் அந்தத் திட்டைச் சுரண்டி எடுத்தோம். டயர் காற்றை 32-லிருந்து 16 பிஎஸ்ஐக்குக் குறைத்தேன். டயர் தட்டையாகி நீளமாகப் பதிந்தது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) ரிவர்ஸில், வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்கினேன். அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருந்தது. வண்டி தானாக ஏறி வந்தது. அப்பாடா!

தார் சாலை ஏறும் முன் மறுபடி காற்றடித்துவிட வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கலாம்.