டி செல்லை ஒரே தாளில் வரைந்து படிப்பது எப்படி?

திருப்பூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். டி செல் (கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணு) பாடத்தில் பெயர்களையெல்லாம் உருப்போட்டுவிட்டு, எதற்குப் பிறகு எது என்பதில் கோட்டைவிடுகிறார்கள். தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பாதியில் மட்டும் வரையுங்கள்.

படி 1: கீழே ஓர் எலும்பு. அதன் மஜ்ஜையில் பிறக்கும் முன்னோடிச் செல்கள் சில, இரத்தத்தோடு தைமஸ் என்ற உறுப்புக்குப் போகின்றன. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே அதை வரையுங்கள். வெளிப்பகுதி புறணி, உள்பகுதி அகணி. 1961இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் எலிக்குஞ்சுகளிடமிருந்து அகற்றிப் பார்க்கும்வரை, தைமஸை வேலையற்ற உறுப்பு என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

படி 2: புறணியில் இருபது வட்டங்கள். ஒவ்வொரு செல்லும் மரபணுத் துண்டுகளை வெட்டிக் கலைத்து ஒட்டி, தனக்கென ஓர் ஏற்பியை, அதாவது பிறவற்றைப் பிடித்துப் பார்க்கும் புரதத்தை, செய்துகொள்கிறது. கிருமி எதையும் பார்க்காமலேயே செய்வதால் பாதிக்குமேல் உருப்படாது, சில ஆபத்தானவை. இப்போதைக்கு எல்லா வட்டத்திலும் சிடி4, சிடி8 என்ற இரண்டு மேற்பரப்புப் புரதங்களையும் எழுதுங்கள்.

படி 3: இங்கே அவசரப்படாதீர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையைப் பார்த்திருப்பீர்கள். விளக்கின் கீழே துணியை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேடுவார்கள். தைமஸில் அப்படி இரண்டு மேசைகள்.

புறணியில் முதல் கேள்வி: நம் செல்கள் புரதத் துணுக்குகளை ஏந்திக்காட்டும் எம்எச்சி என்ற தட்டை உன்னால் பிடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் சாவு. முதல் வகைத் தட்டைப் பிடித்தால் சிடி8 மிஞ்சும், இரண்டாம் வகை என்றால் சிடி4. பெருக்கினால் எட்டு வரவேண்டும் (8×1, 4×2). தேர்வில் குழம்பவே மாட்டீர்கள்.

அகணியில் அடுத்த கேள்வி: நம் உடலின் சொந்தப் புரதத்தை இறுகப் பற்றுகிறாயா? கணையத்தின் இன்சுலினைக்கூட அங்கே வைத்துக் காட்டுகிறார்கள். பற்றினால் பெரும்பாலும் சாவுதான். ஆனால் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும் செகண்ட்ஸ் (சிறு குறையுள்ள துணி) போல, சிலவற்றுக்கு வேறு வேலை கிடைக்கிறது: மற்ற டி செல்களை அடக்கிவைப்பது. 2025 மருத்துவ நோபல் இவற்றைப் பற்றிய ஆய்வுக்குத்தான். இப்போது ரப்பரை எடுங்கள். நூற்றில் ஐந்துக்குமேல் தேறாது. ஒரு வட்டத்தை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள்.

படி 4: தேறியது நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிளுவை முள் காலில் ஏறி, மறுநாள் தொடையிடுக்கில் நெறி கட்டிய அனுபவம் உண்டா? முள்ளோடு வந்த கிருமியின் துணுக்கை டென்ட்ரிடிக் செல் அந்த முடிச்சுக்குத் தூக்கிவருகிறது. பொருந்தும் டி செல் அதைப் பற்றி, கூடவே டென்ட்ரிடிக் செல்லிடமிருந்து இரண்டாவது சமிக்ஞையும் கிடைத்தால், பெருகத் தொடங்குகிறது. முடிச்சு வீங்க இதுவும் ஒரு காரணம்.

படி 5: சிடி8 செல், வைரஸ் புகுந்த செல்லில் துளையிட்டு நொதிகளைச் செலுத்திக் கொல்லும். சிடி4 செல் மற்ற நோயெதிர்ப்புச் செல்களை ஏவும்; எச்.ஐ.வி. குறிவைப்பது இதைத்தான். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிய, சில நினைவுச் செல்களாகத் தங்கும்.

தாளைப் பத்திரமாக வையுங்கள். வலது பாதியில் அடுத்து பி செல்லை வரையவேண்டும்.