பிள்ளையின் 'உணர்ச்சி மரபணு' ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

பிள்ளையின் எச்சிலைச் சோதித்து, மரபணுவை வைத்துச் சுபாவம் சொல்லும் ரிப்போர்ட் இது. கைக்கு வந்ததும் கலர் படங்களைத் தாண்டி, மரபணுவின் பெயர் இருக்கும் வரிக்குப் போங்கள். என் சித்தி மகள் அனுப்பியதில் 'எஸ்எல்சி6ஏ4, குட்டை வகை இரண்டு, பயந்த சுபாவம்' என்று இருந்தது. அதாவது அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, நீளம் குறைந்த வகை. பையனுக்கு ஆறு வயது. "அண்ணே, இவன் மூளை வயரிங்கே அப்படியாமே?" என்கிறாள். பினாங்கில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் வேலை எனக்கு. குடும்பத்தில் எந்த ரிப்போர்ட் வந்தாலும் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும்.

ஒரே மரபணுவை வைத்துச் சுபாவம் சொல்லியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இந்தக் கதைக்கு வேர் உண்டு, மறுக்கவில்லை. மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்துக்கான மரபணு இது. 1996இல் இதன் குட்டை வகையைப் பதற்றத்தோடு இணைத்தார்கள். 2002இல் ஸ்கேனுக்குள் பயந்த முகங்களைக் காட்டியபோது, குட்டை வகைக்காரர்களின் அமிக்டாலா, அதாவது பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதி, அதிகம் செயல்பட்டது. 2005இல் அமிக்டாலாவுக்கும் அதை அடக்கும் முன்மூளைப் பகுதிக்கும் இடையே தொடர்பு தளர்வு என்றார்கள்.

அடுத்து, எத்தனை பேரை வைத்துச் சொன்னார்கள் என்று தேடுங்கள். 2002 ஆய்வில் வெறும் 28 பேர். 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவில், மனச்சோர்வுக்குப் பேர்போன 18 மரபணுக்களைச் சோதித்தார்கள், இதையும் சேர்த்துத்தான். மற்ற மரபணுக்களைவிட ஒன்றும் விசேஷமில்லை. அதே ஆண்டு எட்டு லட்சம் பேருக்கு மேல் வைத்துத் தேடிய இன்னொரு ஆய்வில் மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 மரபணு இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. இன்னொன்று: ஐரோப்பியர்களைவிடக் கிழக்காசியர்களிடம் குட்டை வகை மிக அதிகம். ரிப்போர்ட் சொல்வது சரியென்றால், சீனர்கள் நிறைந்த எங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பாதிப் பேர் நாயைக் கண்டாலே ஓட வேண்டும்!

'வயரிங்' படம் போட்டிருந்தால் இன்னும் உஷார். அந்த வண்ண இழைகள் நரம்பின் போட்டோ அல்ல. மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் எளிதாகப் பரவுகிறது என்று அளந்து கம்ப்யூட்டர் வரைவது. அந்த ஸ்கேன் ஓடும்போது படுக்கையே அதிரும். பயந்த பிள்ளை தலையை அசைக்கும். சில மில்லிமீட்டர் அசைந்தாலும் அளவு மாறிவிடும். அப்புறம் பயந்தவர்களுக்கு இணைப்பு பலவீனம் என்றால், பலவீனம் இணைப்பிலா, அசைவிலா? அசைவை எப்படிக் கழித்தார்கள் என்று சொல்லாத படத்தை நான் நம்புவதில்லை. எங்கள் பையனுக்கு ஸ்கேனே எடுக்கவில்லை, எச்சில் மட்டும்தான். படம் யாருடைய மூளையோ!

பையன் நிஜமாகவே பயப்படுகிறானா, தூக்கம் கெடுகிறதா, பள்ளிக்குப் போக அடம்பிடிக்கிறானா? அதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டோடு பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள். ரிப்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.